மேட்டுப்பாளையத்துக்காரி

“மேட்டுப்பாளையத்துல யாருங்க மாப்ள அவ?”

சோபாவின் நுனியில் உட்கார்ந்து மச்சான் பாலுசாமி கேட்டார். துணைக்கு வந்த சொந்தக்காரர்கள் இருவரும் ஃபேனை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். கிணத்துக்கடவில் தென்னந்தோப்பும் ஐம்பத்தெட்டு வயதும் உள்ள தம்பிதுரை தோள்துண்டை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

“வாராவாரம் அங்க பாக்கு மண்டிக்குப் போறேன்னு கெளம்பிப்போடறீங்களாமா. கட்டிலையும் மோட்டார் ரூமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்க. எந்தங்கச்சி என்னங்க பாவம் பண்ணுனா?”

அந்தத் தங்கச்சி பழனாத்தாள் எல்லோருக்கும் காப்பி கொடுத்தாள். சீரியலில் எவளோ தும்மினால்கூட அழுகிறவள், இன்றைக்கு ஒரு சொட்டு விடவில்லை.

தம்பிதுரை போனதெல்லாம் கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு. போன வருஷம் ப்ராஸ்டேட் புற்றுநோய்க்கு ஆபரேஷன். சொந்தத்தில் குடலிறக்கம் என்று சொல்லிவைத்திருந்தார்கள். உயிர் திரும்பி வந்தது, ஆண்மை வரவில்லை. மாத்திரைக்கும் மசியவில்லை, ஊசிக்கும் எழவில்லை. தூக்கத்தில் பழனாத்தாளின் கை மேலே பட்டால்கூட, திருடிவிட்டு மாட்டிக்கொண்டவன்போல் உடம்பு குறுகியது. அதனால்தான் கட்டிலைத் தூக்கினார்.

உண்மையை ஒரு வரி சொன்னால் பழி போய்விடும். ஆனால் அந்த வரி பொழுது சாய்வதற்குள் பொள்ளாச்சியைத் தாண்டிவிடும்.

“தப்புத்தானுங்க மச்சான். இனிமேப் போகலீங்க.”

பாலுசாமி வாய்க்கு வந்தபடி திட்டினார். செருப்பை மாட்டும்போது சொந்தக்காரர்களில் ஒருவர் தம்பிதுரையை மேலும் கீழும் பார்த்தார். “இந்த வயசுலயுங்களா?” என்றார். குரலில் கண்டிப்பு கொஞ்சம், பொறாமை நிறைய.

கார் தெரு திரும்பியதும் தம்பிதுரை உடைந்துபோனார்.

“அப்பிடி ஒருத்தியும் இல்லையம்மிணி. சாமி சத்தியமா இல்ல.”

“எனக்குத் தெரியாதுங்களா?”

“அப்பறம் அண்ணங்கிட்டச் சொல்லியிருக்கலாமல்ல? எந்த நாயி இப்பிடிக் கட்டி உட்டுதோ, அது நல்லாவே இருக்காது.”

பழனாத்தாள் ஈரத்துணியால் டீப்பாயைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே திரும்பவும் துடைத்தாள்.

“வையாதீங்க. கட்டில் ஏன் வெளிய போச்சுன்னு அண்ணி விசேச வீட்டுல உடாமக் கேட்டாங்க, அத்தன பேரு முன்னால. எனக்கு வேற ஒண்ணும் தோணலீங்க.”

“அதுக்கு?”

“உங்களுக்கு ஒருத்தி இருக்கான்னு நான்தானுங்க சொன்னேன்.”