இருவர் ஆட்டம்

“இந்த வருஷம் நாங்க ரெண்டு பேரும் அதிகமா விளையாடினது பீரோ தூக்குற கேம்தான்” என்றாள் அவள்.

அறையில் சிரிப்பு எழுந்தது. வீடியோ கேம் கடையின் மாடி அறை அது. வருடத்தின் கடைசி ஞாயிறு மாலை வாடிக்கையாளர்கள் கூடி, அந்த ஆண்டு தங்களுக்கு ரொம்பப் பிடித்த மூன்று விளையாட்டுகளைச் சொல்வார்கள். அவள் வருவது இதுதான் முதல் முறை.

“அதை நாங்க திருப்பிக் கொடுத்துட்டோம்மா” என்றார் டியூஷன் வாத்தியார். இரண்டு பேர் ஆளுக்கொரு கண்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டு, திரையில் ஒரு பீரோவை மாடிப்படி வழியாகக் கீழே இறக்க வேண்டும். “கல்யாணமாகி இத்தனை வருஷமா வராத சண்டை அந்த பீரோவால வந்துச்சு.”

“பின்ன? இடது பக்கம்னு சொல்லிட்டு வலது பக்கம் திருப்பினா?” என்றாள் அவர் மனைவி. “என் கால்ல போட்டுட்டாரு.”

“கேம்லதானே போட்டேன்.”

“போட்டீங்கல்ல.”

கடைக்கார அக்கா சிரித்தபடி அவள் பக்கம் திரும்பினாள். “உங்களுக்குள்ள சண்டை வராதாம்மா?”

“வராதுக்கா.”

“கொடுத்து வெச்சவ. வீட்டுக்காரரா?”

அவள் ஆமென்றும் இல்லையென்றும் இல்லாமல் தலையை அசைத்தாள். அக்கா அதை ஆமென்றே எடுத்துக்கொண்டாள்.

அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. “கையை மடக்கிக்கோங்க”, “அவ்வளவுதான், முடிஞ்சது” என்பதற்கு மேல் அங்கே யாரிடமும் எதையும் பேச வேண்டியதில்லை. இங்கே இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருப்பது அவளுக்குக் கூச்சமாக இருந்தது. பிடித்தும் இருந்தது.

“ரெண்டாவது, படகு கேம்” என்றாள். “ஆளுக்கொரு துடுப்பு.”

“அடுத்தது?”

“அந்தப் பனிமலையில நடக்குறது. ரெண்டு பேருக்கும் ஒரே திரை. முன்னால போறவங்க ஓரத்துக்குப் போனதும் நின்னுடணும். பின்னால வர்றவங்க வந்தாத்தான் திரை நகரும். விட்டுட்டுப் போக முடியாது. அதனால பிடிக்கும்.”

யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் மனைவி மட்டும் மெல்லத் தலையாட்டினாள்.

“அதெல்லாம் சரி, சுவர் கேமை எப்படிம்மா விட்டே?” என்றாள் அக்கா. “அதுதானே இந்த வருஷத்தோட கேம். எல்லாரும் சொல்லிட்டாங்க.”

ஏறக்குறைய எல்லாரும் சொல்லியிருந்தார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவர் பார்ப்பது மற்றவருக்குத் தெரியக் கூடாது. வாயால் சொல்லிச் சொல்லியே ஒவ்வொரு கதவாகத் திறக்க வேண்டும்.

“அது எங்களுக்குச் சரிப்படலைக்கா. சட்டுனு முடிஞ்சு போச்சு.”

“சட்டுனா?” வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். “நாங்க இன்னும் மூணாவது கதவுலயே முட்டிக்கிட்டு நிக்குறோம்.”

“என் மூணுலயும் அது இல்லையே” என்றது மூலையிலிருந்து ஒரு குரல். மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவர் அவர். எல்லாருக்கும் அவர் ‘லென்ஸ்’தான். தானும் தம்பியும் ஆடிய ஆட்டங்களைச் சற்று முன்புதான் சொல்லி முடித்திருந்தார்.

“நீங்க பேசாதீங்க லென்ஸ். தம்பி தம்பிங்கிறீங்க, ஒரு நாளாவது கூட்டிட்டு வந்தீங்களா?” என்றாள் அக்கா.

“அவனுக்கு ஷிப்ட் வேலை” என்று அவர் சுருங்கிக்கொண்டார்.

“இந்தத் தடவை அந்தச் சாக்கெல்லாம் செல்லாது” என்று அக்கா கையைத் தட்டினாள். “அடுத்த மாசத்துலேர்ந்து இங்க ஜோடிப் போட்டிதான். வீட்டுல யாரோட ஆடுறீங்களோ அவங்களோட வரணும். தனியா வந்தா உள்ள விட மாட்டேன். ஏம்மா, உன் வீட்டுக்காரர்கிட்டச் சொல்லிடு.”

“சொல்றேன்கா.”

“சொன்னா போதாது, இழுத்துட்டு வரணும். சண்டையே போடாத மனுஷனை நாங்களும் பார்க்க வேண்டாமா?”

“எனக்கும் காட்டுங்க, என் வீட்டுல இருக்கிறதுக்குப் பாடமா இருக்கும்” என்றாள் வாத்தியார் மனைவி. மறுபடியும் சிரிப்பு.

அவளும் சிரித்தாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு, பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிக் கிளம்பினாள். வாத்தியார் மனைவி வாசல் வரை வந்து, “அடுத்த மாசம் என் பக்கத்துலதான் நீ உட்காரணும், சரியா?” என்றாள்.

படியில் இறங்கினாள். இனி இங்கே வர முடியாது. இந்த ஊரில் அவளுக்கென்று ஒரு நாற்காலியைப் பிடித்து வைப்பதாகச் சொன்ன முதல் ஆள் அந்த அம்மாள்தான்.

தெருவில் கடைகளுக்கு ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. நாலடி நடந்திருப்பாள். பின்னால் யாரோ வேகமாக வரும் சத்தம். லென்ஸ்தான்.

“ஒரு நிமிஷம்ங்க.”

அவள் நின்றாள். வீட்டுக்காரருக்கு என்ன வேலை, எந்த ஊர் என்று கேட்கப் போகிறார். எதைச் சொல்வது என்று அவசரமாக யோசித்தாள்.

“சுவர் கேம் சட்டுனு முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே...” என்று தொடங்கியவர், மாடி ஜன்னலை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“எனக்கு இடது கைக் கண்ட்ரோலர்தான் மடியிலேர்ந்து வழுக்கிட்டே இருக்கு. நீங்க ரெண்டையும் எப்படிப் பிடிக்கிறீங்க?”