எதிர்ப்பக்கக் கைதட்டல்

கடைசிப் பாயிண்ட் எதிரணிக்குப் போனதும், காலரியில் முதலில் கை தட்டியவர் எழிலின் அப்பா.

எழில் அதைப் பார்த்துவிட்டாள். தட்டிய கையை அவர் சட்டென்று மடியில் ஒளித்துக்கொண்டதையும் பார்த்தாள். திருவண்ணாமலை மைதானத்தில் பள்ளிப் பெண்களுக்கான மாவட்ட வாலிபால் இறுதி ஆட்டம். தோற்றது எழிலின் அணி. ஜெயித்தது வந்தவாசி அணி.

அவள் அப்பா முருகையன் பஸ் டிரைவர். மகளுக்காக அவர் செய்யாதது இல்லை. "வயசுப் பொண்ணு அரை டவுசர் போட்டுனு ஊர் ஊராப் போவுதே, நல்லாவா இருக்குது?" என்று அம்மா மல்லுக்கு நின்றபோது, "அவ ஆடட்டும். பேசற வாய்க்கு நான் பதில் சொல்லிக்கறேன்" என்றவர்.

அடி அண்ணாமலையில் வீட்டுக்குப் பின்னால் புளியமரத்துக்கும் லைட் கம்பத்துக்கும் குறுக்கே கயிறு கட்டி, சர்வீஸ் போடக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான். பந்தை நெற்றியில் தொட்டு, இடது காலைப் பின்னால் இழுத்து, அடிக்கிற நொடியில் மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். "இது உனக்கு மட்டும்தான்டா கண்ணு" என்பார்.

அந்த சர்வீஸில்தான் எழில் இன்று தோற்றாள். எதிரணியில் ஓவியா என்ற பெண், இவளைவிடக் கொஞ்சம் சின்னவள், பந்தை நெற்றியில் தொட்டாள். இடது காலை இழுத்தாள். மணிக்கட்டைத் திருப்பினாள்.

"உன் சர்வீஸ்டி அது. அவளுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?" என்றாள் தோழி சுனந்தா.

எழில் முகத்தைக்கூடத் துடைக்காமல் நேராக அப்பாவிடம் போனாள். அவர் காலரிக்குப் பின்னால் தனியாக நின்றிருந்தார்.

"அந்த ஓவியாவுக்கு நீதானே சொல்லிக் குடுத்த?"

முருகையன் தரையைப் பார்த்தார். "வந்தவாசியில நைட் ஹால்ட் வருதில்ல... அங்க ஒரு கிரவுண்ட் இருக்குதும்மா. அந்தப் பொண்ணு ஆடினு இருக்கும். சும்மா சொல்லிக் குடுத்தேன்."

"எனக்கு மட்டும்தான்னு சொன்னியேப்பா."

"தப்புதாம்மா."

"கை வேற தட்டற. நான் தோத்ததுக்கு."

ஊரே எதிர்த்தபோதும் எழில் அழுததில்லை, அப்பா இருக்கிறார் என்ற தைரியம். இப்போது அந்த அப்பாவே எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது.

அவரது குனிந்த தலையைப் பார்த்தபோது பழையதெல்லாம் நினைவுக்கு வந்தது. டியூட்டி முடிந்து தூக்கம் சொக்கும் கண்ணோடு கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று பந்து பொறுக்கிப் போட்டவர். கால் பிசகிய வருஷம் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிப் படியேறியவர். இவ்வளவு கொடுத்த மனுஷன் அதில் கொஞ்சம் இன்னொரு பிள்ளைக்குக் கொடுத்தால் தனக்கு என்ன குறைந்துவிடும்?

"சரி விடுப்பா" என்று அவர் கையைப் பிடித்தாள். "எனக்கு நீ இருக்க. பாவம், அவளுக்குச் சொல்லிக் குடுக்க யாரும் இல்லையோ என்னவோ."

அவர் கை வேர்த்து ஈரமாக இருந்தது. "வாம்மா, வீட்டுக்குப் போலாம். சீக்கிரம்" என்றார்.

அதற்குள் கோப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓவியா ஓடிவந்தாள். எழில் கண்ணைத் துடைத்துக்கொண்டு கை நீட்டினாள்.

"சூப்பரா ஆடின ஓவியா. கங்கிராட்ஸ்."

"தேங்க்ஸ்க்கா" என்று வெட்கமாகக் கை குலுக்கிய ஓவியா, முருகையன் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, வா. அம்மா வாசல் கேட்டாண்ட காத்துனு இருக்குது."