பட்டாம்பூச்சி உட்கார்ந்த இடம்

பல் டாக்டருக்குக் கிடைத்த ஒரே விடுமுறை தோட்டத்தில் மண்டியிட்டே கழிந்தது. ஒரு பட்டாம்பூச்சிகூடப் படத்தில் தெளிவாக விழவில்லை. முகங்களைத் தேடிப் பிடிக்கும் கேமராவின் மஞ்சள் கட்டம், பூவை விட்டுவிட்டுப் பக்கத்து வெற்றிடத்தில் போய் நின்று உயிரை வாங்கியது.

"அங்க யார் நிக்கிறா? சனியன் பிடிச்ச கேமரா!"

துணி உலர்த்திக்கொண்டிருந்த மனைவி சிரித்தாள். "முகம் பிடிக்கிறதை நிறுத்திட்டு எடுங்களேன்."

"அதைக் காலையிலயே நிறுத்திட்டேன்."

அப்போது பட்டாம்பூச்சி பூவை விட்டு எழும்பியது. காம்போ இலையோ இல்லாத அந்த வெற்றிடத்தில், கட்டத்துக்குச் சற்றுக் கீழே போய் உட்கார்ந்து இறக்கையை மடக்கிக்கொண்டது. டாக்டரின் விரல் பட்டனிலேயே நின்றுவிட்டது.

"படம் கிடைச்சுதா?" என்றாள் மனைவி.

அவர் கேமராவைக் கண்ணிலிருந்து இறக்கிவிட்டுப் பார்த்தார். காற்றே இல்லை. மடக்கிய இறக்கையோடு பட்டாம்பூச்சி, மூச்சுவிடும் ஒருவரின் தோளில் இருப்பதுபோல், மெல்ல உயர்ந்து தாழ்ந்தது.