மேல் காஜா

மாலை ஐந்தேகால் மணி. மழை விட்டு இளவெயில் அடித்தது. தணிகாசலத்தின் சட்டை கொடியில் உலர்ந்துகொண்டிருந்தது. பக்கவாதத்தில் அவருடைய வலக்கை விரல்கள் மரத்துப்போயிருந்தன. தினமும் காலையில் மேல் பட்டனைப் போட அவரே முயல்வார். முடியாதபோது மனைவி சிவகாமி எல்லாப் பட்டன்களையும் போட்டுவிடுவாள்.

“இன்றைக்கும் நீ வழிவிடவில்லையே, மகராசி!” என்றது மேல் பட்டன், தன் காஜாவிடம்.

“வழுக்கி வழுக்கி ஓடியது நீ. பழி மட்டும் எனக்கா?”

“என்னைப் பிடிக்க அவர் விரலில் வலு இல்லை. நீ கொஞ்சம் அகன்று கொடுத்தால் என்ன?”

“ஒரு நூல் விட்டால் அடுத்ததும் பிரியும். பிறகு நான் காஜா இல்லை, கிழிசல்.”

“‘நாளையோடு முயல்வதை நிறுத்திவிடுகிறேன், இனி நீயே போட்டுவிடு’ என்று அவளிடம் சொன்னாரே, கேட்டாயா?”



மறுநாள் காலை காஜா ஒரு நூலைத் தளர்த்தியது. பட்டன் நழுவாமல் அவர் விரலோடு ஒட்டி நின்றது, உள்ளே நுழைந்தது. அந்தத் துணிச்சலில் தணிகாசலம் மற்றப் பட்டன்களையும் தாமே போட்டுக்கொண்டார், ஒரு காஜா தள்ளி.

சிவகாமி கோணிக்கொண்டிருந்த சட்டையைப் பார்த்தாள். அதில் கை வைக்காமல், “கிளம்பலாமாங்க?” என்று வாசல் கதவைத் திறந்துவிட்டாள்.