குளிர்கடல் ஜோடி

கழுத்தைச் சுற்றிச் சிவந்திருந்த தடத்தைக் கண்ணாடியில் பார்த்த தோருன், கம்பளிச் சட்டையை மோவாய்வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைதோறும் யோகா வகுப்பு என்று கணவன் ஹால்வரிடம் குளிர்காலம் முழுக்கப் பொய் சொல்லியாகிவிட்டது. யோகா செய்தால் கழுத்து சிவக்காது என்பது எந்த மடையனுக்கும் தெரியும்.

கைபேசி முனகியது. ஐனார்தான். 'இன்னிக்கு அசத்திட்ட. இனிமேலும் உன் புருஷன்கிட்ட மறைக்கிறது நல்லாயில்ல. சொல்லிடு' என்று அனுப்பியிருந்தான்.

கூடத்தில் ஹால்வர் லோஃபோட்டன் தீவுகளின் கடல் வரைபடத்தை மேசை முழுக்க விரித்து, தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். வெளியே பெர்கன் நகரத்து மழை வழக்கம்போல் கொட்டிக்கொண்டிருந்தது. ஈஸ்டர் விடுமுறைக்கு வடக்கே போய் அந்த உறைகடலில் ஸ்கூபா முக்குளிப்பது அவனுக்கும் சினேகிதன் ஸ்வெர்ரேவுக்கும் வருடம் தவறாத வழக்கம்.

"ஸ்வெர்ரே பனிச்சறுக்குல கால ஒடிச்சுக்கிட்டான்," என்றான். "ஜோடி இல்லாம கடல்ல இறங்கக் கூடாது. இந்த வருஷம் அவ்வளவுதான்."

"கானரித் தீவுக்குப் போலாமே. அங்க தண்ணி வெதுவெதுன்னு இருக்கும். நானும் கரையோரமா கால் நனைப்பேன்." வேண்டுமென்றேதான் கேட்டாள்.

"வெதுவெதுன்னு குளிக்க வீட்டுத் தொட்டி போதாதா? குளிர்ந்தாதான் அது கடல்."

எப்போது கேட்டாலும் இதே பதில். இப்படி வீரம் பேசுகிறவன் ஒவ்வொரு தடவையும் பல் கிடுகிடுக்கத் திரும்பி வந்து, ஒரு வாரத்துக்கு விறகடுப்பை விட்டு நகரமாட்டான்.

"நீ மட்டும் தண்ணிக்குப் பயப்படாம இருந்திருந்தா நாம ரெண்டு பேருமே போயிருக்கலாம், தோருன். நமக்குக் கொடுத்துவைக்கல." பெருமூச்சு வேறு விட்டான்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் கேட்டுச் சலித்த பாட்டு இது. ஈஸ்டருக்கு ஊரே ஆரஞ்சுப் பழமும் கையுமாகக் குடும்பத்தோடு மலையேறும்போது, ஒற்றை ஆளாய்ச் சமையலறையில் உட்கார்ந்து பழம் உரித்த வருடங்கள் அவளுக்கு நினைவுக்கு வந்தன. இனி அப்படி இருக்க வேண்டாம்.

தோருன் சட்டையின் கழுத்தை இறக்கிக் காட்டினாள்.

ஹால்வரின் முகம் வெளுத்தது. வேறொரு புருஷனாக இருந்தால் யார் அவன் என்று கேட்டிருப்பான். முக்குளிக்கிறவனுக்கு அந்தத் தடம் தெரியாதா? தண்ணீர் புகாத உடுப்பின் ரப்பர் கழுத்துப்பட்டை இறுக்கிப் பிடித்த தடம் அது.

"முக்குளிப்புப் பள்ளி ஐனார்கிட்ட குளிர்காலம் பூரா கத்துக்கிட்டேன்," என்று அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். "மொத நாள் அழுதேன். மறு வாரம் வாந்தி எடுத்தேன். இன்னிக்குப் பரீட்சை தேறிட்டேன். உன் ஜோடி இனிமே நான்தான்."

அவன் குனிந்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"பயம் இன்னும் போகல. ஆனா உன் கையைப் பிடிச்சுக்கிட்டா இறங்கிடுவேன்." சந்தோஷத்தில் அவள் குரல் உடைந்தது. "எந்த வருஷமும் இனி நான் இல்லாம உன்னை அனுப்ப மாட்டேன்."

ஹால்வர் வரைபடத்தை மடிக்க ஆரம்பித்தான். மடிப்புக்கு மடிப்பு விரலால் அழுத்தி, அவசரமே இல்லாமல் மடித்தான். அவன் கண் கலங்கப்போகிறது என்று அவள் நம்பிக்கொண்டு நின்றாள்.

"சந்தோஷமில்லையா, ஹால்வர்?"

"எனக்கும் அந்தக் குளிர் ஆகவே ஆகாது," என்றான் அவன். "நீ வராத இடம்னு உலகத்துல அது ஒண்ணுதான் இருந்துச்சு."