செண்பகராஜை விடலாமா

யாராவது தன்னைக் கேட்டுவிடுவார்களோ என்று அவனுக்குப் பயமாக இருந்தது.

பயிற்சி முடிந்தும் காலில் கட்டிய ஹாக்கி பேடைக் கழற்றவில்லை. கழற்றிவிட்டால் நிமிர வேண்டும். குனிந்து, அதன் வாரையே இழுத்துக்கொண்டிருந்தான்.

மைதானத்தின் சிமெண்டுப் படிகளில் கூட்டம். ஒருவரும் வீட்டுக்குப் போகிற வழியாக இல்லை. கோவில்பட்டியில் ஹாக்கி பார்க்கிற அத்தனை பேரும் கோச்சுகள்தான். ஸ்டிக்கைத் தொட்டே இராதவர் குரல்தான் ஓங்கியிருக்கும்.

செண்பகராஜை விடுவதா, வேண்டாமா?

சென்னையில் ஒரு பேங்க் டீம் செண்பகராஜைக் கூப்பிட்டிருந்தது. வேலையோடு. ஆட்சேபணை இல்லை என்று கிளப் என்.ஓ.சி. கொடுத்தால் திங்கட்கிழமை போய்ச் சேரலாம். கொடுக்காவிட்டால் அந்த வேலை அடுத்தவனுக்கு.

ஆனால் அடுத்த மாதம் டோர்னமென்ட். சென்டர் ஃபார்வர்டு செண்பகராஜ் இல்லாமல் எப்படி இறங்குவது?

செக்ரட்டரி தங்கப்பழம் நல்ல மனிதர். யார் பொல்லாப்பும் வேண்டாம் என்று இருப்பவர். கையெழுத்துப் போட வேண்டியது அவர்தான். அதனால்தான் ரசிகர்களைக் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"வேல கெடச்சவன் வயித்துல அடிக்கக் கூடாதுல்லா அண்ணாச்சி" என்றார் ஒருவர்.

"நாம தண்ணி ஊத்துன மரம்யா. காய்க்கிற நேரத்துல அடுத்தவன் தோட்டத்துக்கா?" என்றார் இன்னொருவர்.

முதலில் பேசியவருக்கும் தலையாட்டினார்கள். இரண்டாவது பேசியவருக்கும் தலையாட்டினார்கள். அதே தலைகள்தான்.

"அதெல்லாம் கெடக்கட்டும். அவன் போயிட்டா அந்த எடத்துல எறங்க யாரு இருக்கா?"

கேட்டது அவனுடைய அப்பா.

படிகளில் பேச்சு நின்றது.

நாலு வருடமாக அந்த இடத்துக்கு மாற்று ஆட்டக்காரன் அவன். அப்பாவுக்கு இரண்டு படி கீழேதான் உட்கார்ந்திருந்தான். யாரும் அவனைப் பார்க்கவில்லை. மரியாதைக்காகத்தான்.

அப்பா மனதில் பட்டதைச் சொல்கிறவர். மகன் என்பதற்காக அவன் ஆட்டத்தைக் கூட்டிச் சொல்லமாட்டார். ஊரில் அவர் பேச்சுக்கு மதிப்பே அதற்குத்தான்.

வலித்தது. ஆனால் பயம் அதற்கல்ல.

காலையில் செண்பகராஜ் வீடு தேடி வந்திருந்தான். ஆறாம் வகுப்பிலிருந்து இருவரும் ஒரே பெஞ்ச். "நீ சொன்னா உங்க அப்பா கேப்பாரு மாப்ள. அவரு சொன்னா ஊரு கேக்கும். எனக்காக ஒரு வார்த்த பேசு" என்றான்.

சரி என்றிருந்தான்.

ஒரு வார்த்தைதான். விட்டுருங்க. சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

சொன்னால் என்ன பேசுவார்கள் என்பதும் தெரியும். எரிகிற வீட்டில் பிடுங்குகிறான் என்பார்கள். நண்பனுக்குப் பேசுகிற சாக்கில் அவன் இடத்துக்கு அடிபோடுகிறான் என்பார்கள்.

அது பொய்யுமில்லையே. செண்பகராஜ் போய்விட்டான், பதினோரு பேரில் தன் பெயரை வாசிக்கிறார்கள் என்று காலையில் பல் தேய்க்கும்போதுகூட நினைத்துப் பார்த்தான். இனித்தது. நண்பன் நன்றாக இருக்க வேண்டும் என்பது எவ்வளவு, தனக்கு இடம் வேண்டும் என்பது எவ்வளவு? அவனாலேயே பிரித்துச் சொல்ல முடியவில்லை.

வாதம் மறுபடி சூடுபிடித்தது. பாதிப் பேர் விடு என்றார்கள். பாதிப் பேர் விடாதே என்றார்கள். தங்கப்பழம் பாவம், யார் பேசினாலும் அவர் பக்கம் திரும்பித் திரும்பிக் கழுத்து வலித்திருக்கும்.

"நீ அவன்கூட ஆடுதவன்" என்றார் அப்பா.

அவன் நிமிரவில்லை.

"ஒன்னத்தாம்ல. நீ சொல்லு. விடலாமா, வேண்டாமா? நீ சொல்றதுதான் எனக்கும்."

நிமிர்ந்தான். அப்பா முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டார். அவருக்குப் பின்னால் படிகள் முழுக்கக் கண்கள்.

பேடின் வாரிலிருந்து கையை எடுத்தான்.

"டோர்னமென்ட் முடியட்டும்" என்றான். "அதுவரைக்கும் விட வேண்டாம்."

யாரோ கைதட்டினார்கள். முதுகில் ஒரு கை வந்து விழுந்தது.

"பாத்தீரா வே! தனக்குன்னு நெனைக்கல பாரும். பிள்ளன்னா இதுல்லா பிள்ள!"

அப்பா துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். அழுகை வந்தால் அவருக்கு முதலில் மூக்கில்தான் வரும். தங்கப்பழம் நிம்மதியாக எழுந்து வேட்டியை உதறிக் கட்டினார். எல்லாரும் சந்தோஷமாகக் கலைந்தார்கள்.

அவன் கடைசியாக வெளியே வந்தான்.

மைதானத்துக்கு வெளியே செண்பகராஜ் பைக்கில் உட்கார்ந்திருந்தான். கூட்டம் முடியும்வரை உள்ளே வர வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். போகிறவர்கள் ஒவ்வொருவரும் அவன் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். முடிவு செண்பகராஜுக்கு அதிலேயே தெரிந்துவிட்டது.

அவன் போய் செண்பகராஜ் பக்கத்தில் நின்றான்.

செண்பகராஜ் பைக் கண்ணாடியை உள்ளே திருப்பினான். வெளியே திருப்பினான்.

"நீ பேசுனியா?"

"பேசுனேன்."

செண்பகராஜ் அவன் தோளில் கை போட்டான்.

"போதும் மாப்ள. அத்தன பேருல எனக்குன்னு பேச நீ ஒருத்தனாவது இருந்தியே."

வண்டியைக் கிளப்பினான். ஏறச் சொல்லித் தலையை அசைத்தான்.

அவன் ஏறிக்கொண்டான்.