கடைசிக் குளம்

துண்டு போட்டு மூடிய வாளியோடு, தான் போட்ட வேலியைத் தானே ஏறிக் குதித்தார் பொறியாளர். கேட் வழியாகப் போனால் காவலாள் வணக்கம் வைப்பான். அதை வாங்கிக்கொள்ள இன்றைக்கு முகம் இல்லை.

"பாத்துங்க! எல்லாம் துள்ளி விழுந்துடப் போகுது," என்றாள் பின்னாலேயே வந்த மனைவி.

"மெதுவாப் பேசு. ஊரைக் கூட்டாதே."

"ஊரை நீங்கதானே கூட்டியிருக்கீங்க, இன்னிக்கு மீன் காட்டுறேன்னு!"

சுரங்கத்திலிருந்து வரும் செந்நீர்க் கழிவைக் குளம் குளமாக ஓடவிட்டு, சம்புக்கோரையை வைத்தே சுத்தம் பண்ணிக் காட்டுகிறேன் என்று வீம்பாக இறங்கியவர் அவர். பரிசோதனைச் சீட்டெல்லாம் நன்றாகத்தான் வந்தது. "சீட்டையா நாங்க குடிக்கிறது? கடைசிக் குளத்துல மீனைக் காட்டுங்க," என்றுவிட்டார்கள் ஆற்றோர ஜனங்கள். மீன் இல்லாவிட்டால் குளங்களை மூடிவிடுவதாக நிர்வாகமும் சொல்லிவிட்டது. அப்புறம் செந்நீர் பழையபடி நேராக ஆற்றுக்குத்தான்.

போன மழைக்கு அவர் விட்ட குஞ்சுகளில் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. செத்து மண்ணாகியிருக்கும். அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக மீன்காரம்மாவின் தொட்டி முன்னால் போய் நின்றார்.

"உயிரோடதான் வேணுமாய்யா?" தொட்டியை மூடியிருந்த சம்பு இலைகளை விலக்கி, அவசரமாகத் தன் காலடியில் தள்ளினாள்.

"ஆமா. எந்த ஏரி மீன்மா?"

"எல்லாம் தண்ணியில பிடிச்சதுதான்யா."

இப்போது கடைசிக் குளத்தில் வாளியைக் கவிழ்த்தார். மீன்கள் வழி தெரிந்தாற்போலக் கோரைக்குள் ஓடி மறைந்தன.

"பொய் சொன்னா உங்களுக்கு விக்கல் வரும்," மனைவி முணுமுணுத்தாள். "அதான் மீனைச் சொல்ல வைக்கிறீங்களாக்கும்."

தண்ணீரில் தெரிந்த தன் முகத்தைப் பார்க்கவே அவருக்குக் கூசியது.

"ஐயா!"

வேலிக்கு அப்பால் மீன்காரம்மா மூச்சிரைக்க நின்றிருந்தாள். "உயிரோட கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சிடுச்சுய்யா, எதுக்கு வாங்கறீங்கன்னு."

நிற்கிற இடம் பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடாதா என்றிருந்தது அவருக்கு. "அம்மா... வெளியே சொல்லி மானத்தை வாங்கிடாதீங்க."

"ஐயோ, நீங்கதான்யா சொல்லிடக் கூடாது!" அவள் தலை நிமிரவே இல்லை. "பிடிச்ச இடத்துலயே கொண்டாந்து விட்டு, அடிக்காம அடிச்சிட்டீங்க. இனிமே இந்தக் குளத்துல வலை வீச மாட்டேன்யா."